கனடாவில் இருந்து வந்த வால்வ் அம்ப்பைச் செருகுமுன்

கனடாவிலிருந்து உறவினர் கொண்டு வரும் வால்வ் கிற்றார் அம்ப் (கண்ணாடி வால்வுகளால் கிற்றார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பெரும்பாலும் 120 வோல்ற்றுக்குச் செய்தது. யாழ்ப்பாணத்தில் சுவரில் இருப்பதோ 230. நேரே செருகினால் ட்ரான்ஸ்போமர் கருகிவிடும்.

ட்ரான்ஸ்போமரின் முதன்மைச் சுருள், அதாவது சுவர்க் கரண்ட் வந்து சேரும் சுருள், இரண்டாக இருந்தால் நல்ல காலம். முதலாவதின் முடிவை இரண்டாவதின் தொடக்கத்தோடு சேர்த்துத் தொடராக இணையுங்கள். அதில் 50 ஹேர்ட்ஸ் (நம் சுவர்க் கரண்டின் அதிர்வெண்) என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வால்வுகளைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அம்ப்புக்குக் கரண்ட் வரும் வயரில் தொடராகப் போட்டுக் கரண்ட் கொடுங்கள். இழை மங்கலாகச் சிவந்தால் சரி. பளிச்சென்று எரிந்தால் ஒரு சுருள் தலைகீழ், உடனே நிறுத்துங்கள்.

ஸ்டான்ட்பை சுவிற்ச் என்பது வால்வுகள் சூடாக இருக்கும்போதே உயர் வோல்ற்றை மட்டும் நிறுத்தும் சுவிற்ச். அது வால்வைச் சூடாக்கும் ஹீற்றரின் 6.3 வோல்ற் வழியில் வரக்கூடாது. மின்னைச் சேமித்து வைக்கும் முதல் கப்பாசிற்றரைத் தாண்டி, உயர் வோல்ற் வழியில் போடுங்கள். 250 வோல்ற் ஏசி என்று மட்டும் எழுதிய சாதாரண சுவிற்ச் வேண்டாம். அங்கே இருப்பது 400 வோல்ற் அளவிலான டிசி, அதன் பொறி இலேசில் அணையாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிற்றரில் அந்த வோல்ற் கிடக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்ரரால் வடித்துவிட்டு மீற்றரை வையுங்கள். 10 வோல்ற்றுக்குக் கீழே இறங்கும் வரை தயவுசெய்து கையை உள்ளே விடாதீர்கள்.