டீகாஸ் கத்தும்போது விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சென்னை விமானம் வரத் தொடங்கிய பிறகு, சனிக்கிழமைகளில் என்னிடம் சிமுலேட்டர் பழக வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அலைவரிசையை மாற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. இரண்டு தரம் ஏச்சு வாங்கினால் அவை தானாகப் போய்விடும். கீழே இருப்பவை ஏச்சுக்கும் அசையாதவை. எல்லாம் நானும் விட்ட பிழைகள்தான். டீகாஸ் என்பது, இன்னொரு விமானம் மோதுவதுபோல் நெருங்கினால் விமானிக்குக் கத்தி வழி சொல்லும் கருவி.

கொடுத்த உயரத்தைத் தாண்டி இறங்குவது

1996 நவம்பர் 12, இந்தியாவின் சார்க்கி தாத்ரி. 15,000 அடியில் நிற்க வேண்டிய கசாக் விமானம் அதற்கும் கீழே இறங்கியது. எதிரே 14,000 அடியில் சவூதி விமானம். 349 உயிர்கள்.

டீகாஸை விட்டுவிட்டுக் கட்டுப்பாட்டாளர் சொல் கேட்பது

நெருங்கி வரும் இரண்டு விமானங்களின் டீகாஸ் கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும். ஒன்று 'கிளைம்ப்' (ஏறு) என்றால் மற்றது 'டிசெண்ட்' (இறங்கு) என்னும். எங்கள் ஒழுங்கைகளில் எதிரெதிரே வரும் இரண்டு சைக்கிள்காரர் ஒரே பக்கம் விலகி, திரும்பவும் ஒரே பக்கம் வெட்டி, கடைசியில் இருவரும் வேலியில் போய்ச் சாய்வார்களே, அது வானத்தில் நடக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒருவர் மீறினால், சொன்னதைச் செய்த மற்றவரும் சேர்ந்து சாக வேண்டியதுதான்.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் கருவி 'டிசெண்ட்' என்றது. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளராக நடித்த ஆசிரியர் ஏறச் சொன்னார். மனிதக் குரலுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறதே, ஏறினேன். அவர் திரையை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஒன்றாகிப்போன இரண்டு புள்ளிகளையும் பார்த்தபடி நான் இருந்தேன்.

போன சனிக்கிழமை ஒரு தம்பியும் இதையே செய்தார். ஏன் என்று கேட்டேன். "சேர், அவருக்கு ராடாரில் எல்லாம் தெரியும்தானே?"

தெரியாது. கருவி உங்களுக்கு என்ன சொன்னது என்பது பொதுவாக அவர் திரையில் வராது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ரஷ்யப் பயணிகள் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், டீகாஸ் ஏறச் சொன்னது. அவர்கள் இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் டீகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். இதே பிழை 17 மாதங்களுக்கு முன்பே ஜப்பானில் நடந்து, இரண்டு விமானங்களிலும் இருந்த 677 பேர் மயிரிழையில் தப்பியிருந்தார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

சரி, என்ன செய்வது? ஐந்து விநாடிக்குள் கருவி சொன்னதைத் தொடங்குங்கள். வானொலியில் 'டீகாஸ் ஆர்ஏ' என்று மட்டும் சொல்லுங்கள்; ஆர்ஏ என்றால் கருவி தந்த ஏறு, இறங்கு கட்டளை. அதைக் கேட்ட பிறகு கட்டுப்பாட்டாளர் உங்கள் பாதையை மாற்றச் சொல்லக்கூடாது என்பதுதான் விதி.

யன்னல் கண்ணாடியால் எட்டிப் பார்த்து முடிவெடுப்பது

இரவில் ஒரு வெளிச்சப் புள்ளியின் உயரத்தைக் கண் அளக்காது. விடுங்கள்.

பதறிப்போய் இழுப்பது

ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் ஊசி, டீகாஸ் காட்டும் பச்சைப் பகுதிக்குள் நின்றால் போதும். ஆயிரம் அடி மேலே இன்னொரு விமானம் போய்க்கொண்டிருக்கலாம்.