ஆஸ்பத்திரித் தாளில் இருக்கும் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் படுக்கையில் இருக்கும் அம்மாவையோ தாத்தாவையோ பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது, மற்றவர்கள் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கும் தாளில் பாதிச் சொற்கள் கிரேக்கம், மீதி லத்தீன். மனப்பாடம் வேண்டாம், நாலைந்து வேர் தெரிந்தால் போதும்.

முதலில் ஹைப்பர், ஹைப்போ. கிரேக்கத்தில் ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. காதில் ஒன்றுபோல விழும், ஆனால் செய்ய வேண்டியது நேரெதிர், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். 'கிளைக்' இனிப்பு, 'ஈமியா' இரத்தம். ஆக ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) ஊசி போடுபவர் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே மெஷினில் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்து, ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 999-க்கு அழையுங்கள்.

அப்புறம் மருந்துக் குறிப்பு. ஓ.டி. ஒரு நாளைக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை ('பிஸ்' என்றால் இருமுறை), டி.டி.எஸ். மூன்று வேளை, ஓ.என். இரவில், எல்லாம் லத்தீன் சுருக்கம். ஆனால் கண் சொட்டு மருந்துத் தாளில் ஓ.டி. என்பது வலது கண்ணையும் குறிக்கும்! கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் கேட்டுவிடுங்கள், மிஸ்ஸி (நர்ஸ்) கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பி.ஆர்.என். என்றால் தேவைப்படும்போது மட்டும்; ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'டிஸ்' சிரமம், 'ப்னியா' மூச்சு, டிஸ்ப்னியா மூச்சுத்திணறல்.

டெக்குபிட்டஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் சும்மா விட வேண்டாம். படுப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதாவது படுக்கைப் புண். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், குளிப்பாட்டும்போது வால் எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தவுடன் அந்த இடம் வெளுக்காமல் சிவப்பு அப்படியே இருந்தால் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.