பண்டைய குத்துச்சண்டைக் கைக்கட்டு: வரைவோரும் செய்வோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய குத்துச்சண்டை வீரரை வரையச் சொன்னால், பெரும்பாலானோர் இரும்பு முள் பதித்த கையுறையைத்தான் வரைகிறார்கள். நாடக உடையிலும் கணினி விளையாட்டிலும் அதேதான். ஒலிம்பியா போட்டிகளில் குத்துச்சண்டை கி.மு. 688இல் சேர்ந்தது. அங்கிருந்து ரோமப் பேரரசுக் காலம் வரை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. இவ்வளவு காலத்தையும் ஒரே கையுறைக்குள் அடைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தொடக்க கால கிரேக்கர்கள் அணிந்தது கையுறையே அல்ல; வெறும் தோல்வார். அதன் பெயர் 'ஹிமாந்தெஸ்'. மாட்டுத்தோலை நீளமாக அறுத்து, எண்ணெயோ கொழுப்போ தேய்த்துப் பதப்படுத்துவார்கள். ஒரு கைக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மீட்டர் வரை தேவைப்படும். விரல்முட்டி, உள்ளங்கை, மணிக்கட்டு என்று சுற்றி, மிச்சத்தை முன்கையில் ஏற்றிக் கட்டுவார்கள். மாதிரி செய்பவர்கள் பன்றித்தோலை வாங்கிவிடக் கூடாது. அதில் கட்டிய கையால் விழும் காயம் சுலபத்தில் ஆறாது என்று அதை ஒதுக்கியதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் பிலோஸ்ட்ராட்டஸ் எழுதியிருக்கிறார்.

கட்டும்போது நேரும் பிழை ஒன்று உண்டு. விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு இறுக்கிக் கட்டினால், கையை மடக்கியதும் வார் சதையில் பதிந்து ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், விரல் மரத்துவிடும். விரல்களை அகல விரித்து, மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். கையை மடக்கும்போது வார் தானே இறுகி முட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வாரை எதிராளிக்கான மெத்தை என்று நினைப்பதும் தவறு. அது காத்தது குத்துபவரின் கையை. மண்டையோடு மிகக் கெட்டி. உள்ளங்கை எலும்புகள் மெல்லியவை. வெறுங்கையால் நெற்றியில் முழு வேகத்தில் குத்தினால் முதலில் முறிவது குத்தியவரின் கைதான். மணிக்கட்டும் முட்டியும் கட்டுக்குள் நின்றால் தலையைத் துணிந்து குறிவைக்கலாம். கிரேக்க ஜாடி ஓவியங்களில் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக நிற்கும் வீரர்கள் இதற்குச் சாட்சி.

விரல்களை மூடி வரைவது இன்னொரு பிழை. விரல்கள் வெளியே தெரிந்தாக வேண்டும். கிரீஸின் நெமேயா போட்டியில் எபிடாம்னஸைச் சேர்ந்த கிரியூகஸும் சிரக்கூஸைச் சேர்ந்த டாமோக்செனஸும் மோதியதைப் பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியஸ் பதிவு செய்திருக்கிறார். டாமோக்செனஸ் விரல்களை நீட்டிக் குத்தியதில், கூரிய நகங்கள் கிரியூகஸின் விலாவுக்குள் இறங்கிக் குடலையே வெளியே இழுத்துவிட்டன. இறந்துபோன கிரியூகஸுக்கே வெற்றி வழங்கப்பட்டது; டாமோக்செனஸ் துரத்தப்பட்டார். அப்போது மென்மையான பழைய வார்களைத்தான் உள்ளங்கையில் கட்டினார்கள், விரல்கள் வெறுமையாக இருந்தன என்று பவுசானியஸ் விளக்குகிறார். விரல் மூடிய கையுறை என்றால் இந்தச் சாவு நடந்திருக்கவே முடியாது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் 'கூர்வார்' வந்தது. இதை ஒவ்வொரு முறையும் சுற்ற வேண்டியதில்லை. ஆயத்தமாகச் செய்து கையில் மாட்டிக்கொள்வார்கள். 1885இல் ரோமின் குய்ரினல் குன்றில் கிடைத்து, இன்று பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலச் சிலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். களைத்து அமர்ந்திருக்கும் வீரர், முகமெல்லாம் வெட்டு. சொட்டிய ரத்தத்தைச் செம்பு பதித்துக் காட்டியிருக்கிறார்கள். முட்டிகளைச் சுற்றித் தடித்த தோல் வளையம், முன்கையில் கம்பளி ரோமத்தோடு கூடிய உறை, வெளியே நீட்டிய விரல்கள். ரோமில் கிடைத்த ஒரே காரணத்துக்காகப் பலர் இதை 'கேஸ்டஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். கையில் இருப்பது கிரேக்கக் கூர்வார். உலோகம் பதித்த ரோமானியக் கைக்கவசத்துக்குத்தான் கேஸ்டஸ் என்று பெயர்.

அந்தக் கேஸ்டஸைப் பற்றிய குழப்பம் ரோமக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தால் வளர்ந்தது. ஏழு மாட்டுத்தோல், உள்ளே தைத்த ஈயம், இரும்பு என்று வரும் வரிகளை எடுத்துக்கொண்டு, எல்லாப் போட்டியிலும் இதையே அணிந்தார்கள் என்கிறார்கள். ஆனால் கதையில் அது எரிக்ஸ் என்ற பழைய வீரன் விட்டுப்போன பொருள்; என்டெல்லஸ் என்ற முதிய வீரன் அதைக் களத்துக்குக் கொண்டுவருகிறான். அதைப் பார்த்ததும் எதிராளி டாரெஸ் மோத மறுக்கிறான். என்டெல்லஸ் அதை விலக்கி வைக்கிறான். காவிய நாயகன் ஈனியாஸ் இருவருக்கும் சமமான வேறு ஜோடியைக் கட்டிவிட்ட பிறகே சண்டை தொடங்குகிறது. மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த சில வரிகளையும் படித்தாக வேண்டும். கேஸ்டஸ் அணிந்தவர்களை கிளாடியேட்டர் என்று அழைப்பதும் சரியல்ல. ரோமில் இரண்டும் வேறு வேறு தொழில்.

பாங்க்ராசியன் வீரரின் கையில் வாரைக் கட்டிவிடாதீர்கள். பிடியும் குத்தும் உதையும் கலந்த அந்தப் போட்டி வெறுங்கையால் நடந்தது.

பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே கவசம் என்று எண்ணுவதுதான் அதிகம் கவனிக்கப்படாத தவறு. பயிற்சியில் வார்களுக்குப் பதிலாகப் பஞ்சணைபோன்ற 'ஸ்பைராய்' அணிவதைப் பிளேட்டோ குறிப்பிடுகிறார். வடக்கு இங்கிலாந்தில், ஹேட்ரியன் சுவருக்கு அருகே உள்ள விண்டோலாண்டா கோட்டையில் 2017இல் கிடைத்த ரோமானியத் தோல் கவசங்கள் இரண்டும் பயிற்சிக்கானவை என்று கருதப்படுகிறது. ஏறத்தாழ கி.பி. 120ஐச் சேர்ந்தவை, ஜோடி அல்ல, தனித்தனி. உலோகம் துளியும் இல்லை. பெரியது ஒரே தோல் துண்டை மடித்துச் செய்த நீள்வட்டப் பட்டை. உள்ளே அதிர்ச்சி தாங்கும் அடைப்பு, நடுவில் கை நுழையும் துளை. குத்தும் விளிம்பு தேய்ந்ததும் வட்டமான ஒட்டுத் தோல் வைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். சிறியதற்குள் முறுக்கிய கெட்டித் தோல் சுருள். அணிந்தவரின் முட்டிகள் அழுத்திய தடம் ஒன்றில் இன்னும் தெரிகிறது.