லினக்ஸ் டெஸ்க்டொப்பிலை எதை மாத்திறது, எதை அப்பிடியே விடுறது

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சது, விண்டோஸ் 11 போடுவம் எண்டால் அது டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் இருக்கோணும் புது புரொசெசர் இருக்கோணும் எண்டு நிக்குது, அதாலை கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கமெல்லாம் பழைய லப்டொப்புக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுற ஆக்கள் கூடிட்டினம். நல்ல விசயம்தான். ஆனா போட்ட அண்டைக்கே பெடியள் செய்யிறது என்னெண்டால் நிறமும் தோற்றமும் மாத்திற தீம் போடுறது, ஐகனை மாத்துறது, கீழ மெனு இருக்கிற பட்டையை, அதான் பனலைத் தூக்கி மேல வைக்கிறது, யூரியூப்பிலை பாத்த மாதிரி ஐகன் வரிசை ஒண்டு, அதான் டொக், அதுக்கு மேல கூடுதல் வசதி தாற எக்ஸ்டென்சன் நாலைஞ்சு. பேந்து கொஞ்ச நாளாலை "அண்ணை பனலைக் காணேல்லை" எண்டு கோல் வரும். மற்றப் பக்கத்தாலை, ஒண்டையுமே தொடப் பயந்து தமிழிலை ஒரு வரி அடிக்க வழியில்லாமல் வச்சிருக்கிற ஆக்களும் இருக்கினம்.

டிஃபோல்ட், அதான் போட்ட உடன முதலே இருக்கிற செற்றிங், எண்டது எங்கையோ இருக்கிற டெவலப்பர் தன்ர நிலைமையையும் தனக்குத் தெரிஞ்ச ஆக்களையும் மனசிலை வச்சு எடுத்த முடிவு. அந்த ஆளுக்குக் கரண்ட் போகாது, டேட்டா முடியாது, இங்கிலிஷிலைதான் டைப் பண்ணுவார். அவற்றை நிலைமையும் எங்கடை நிலைமையும் எங்கை பிரியுதோ அங்கை கட்டாயம் மாத்துங்கோ. மற்ற இடத்திலை அவர் எங்களை விடக் கனக்க யோசிச்சுத்தான் வச்சிருக்கிறார், கைவைக்கிறதெண்டால் ஒரு காரணம் இருக்கோணும். நான் இதிலை லினக்ஸிலை ஒரு வகையான லினக்ஸ் மிண்டை, அதின்ர சினமன் எண்ட டெஸ்க்டொப்போட வச்சுத்தான் சொல்லுறன், இஞ்சை கனபேர் போடுறது அதுதான், மற்றதுகளிலை மெனுவின்ர பேர் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதல் மாத்தவேண்டியது ஒருத்தரும் கவனிக்காத ஒண்டு, பேப்பர் சைஸ். இன்ஸ்ரோல் பண்ணேக்கை மொழி கேக்கும், நாங்கள் அமெரிக்க இங்கிலிஷை அமத்திப்போட்டுப் போயிடுவம், அதோட சேத்து அமெரிக்கப் பேப்பரும் வந்திடும். அவையின்ர லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீற்றர், எங்கடை ஏ4 210க்கு 297. வேர்ட் மாதிரி இருக்கிற லிப்ரே ஒஃபிசிலை புதுசா ஒரு கடிதம் அடிச்சால் அது லெட்டர் அளவிலை போய் நிக்கும், ஒரு பக்கத்துக்குள்ள அடங்கவேண்டிய விண்ணப்பத்திலை கிராம அலுவலர் கையொப்பம் வைக்கிற கடைசி வரி மட்டும் தனிய ரெண்டாம் பக்கத்துக்குப் போயிடும், ஏ4 தாளிலை பிறிண்ட் எடுத்தால் வலக்கரை இடிச்சுக்கொண்டு கீழ வெறுமனே இடம் கிடக்கும். கடைக்காரர் பிறிண்டரைப் பேசுவார், பிறிண்டர் பாவம். சிஸ்ரம் செற்றிங்ஸிலை மொழிகள் எண்ட இடத்துக்குப் போனால் மொழி வேற, பிராந்தியம் வேற எண்டு ரெண்டு இருக்கும். மொழி இங்கிலிஷாவே இருக்கட்டும், பிராந்தியத்தை மட்டும் இலங்கையாக்கி லொக் அவுட் பண்ணி வாங்கோ. பிறிண்டர் செற்றிங்ஸிலையும் ஒருக்கா ஏ4 தானோ எண்டு பாருங்கோ. முதலே லெட்டரிலை அடிச்சு சேவ் பண்ணின கடிதங்கள் தானா மாறாது, அதுகளைத் திறந்துதான் மாத்தோணும்.

அடுத்தது தமிழ். சொஃப்ட்வெயார் மனேஜரிலை ஐபஸ்-எம்17என் எண்டு தேடிப் போடுங்கோ, ஐபஸ் எண்டது வேற மொழியிலை அடிக்க விடுற புரோகிராம், அதுக்குள்ள ரெங்கநாதன், தமிழ்99, ஃபொனெற்றிக் எண்ட தமிழ்க் கீபோட் முறையெல்லாம் இருக்கு. உங்கடை கை எதிலை பழகினதோ அதை மட்டும் சேருங்கோ, எல்லாத்தையும் சேத்தால் ஒவ்வொருக்காலும் மாத்தேக்கை சுத்திச் சுத்தி வரவேணும். ஐபஸிலை விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமத்தினால் மொழி மாறும், அதுக்கு வேற கீ வைக்காதேங்கோ, நல்லாத்தான் இருக்கு. பழைய பாமினியிலை அடிச்ச ஃபைல்கள் இருக்கிற ஆக்கள் பாமினி எழுத்துருவை டபிள் கிளிக் பண்ணி இன்ஸ்ரோலைக் குடுங்கோ, இல்லாட்டி திறக்கேக்கை இங்கிலிஷ் எழுத்துக் குவியல்தான் வரும்.

பவர் மனேஜ்மென்றிலை ஒண்டு. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் எண்டால் மெசின் தானா நித்திரைக்குப் போறதை, அதான் சஸ்பெண்டை நிப்பாட்டுங்கோ, ஸ்கிரீன் மட்டும் அணைஞ்சால் காணும். சஸ்பெண்டிலை திறந்திருக்கிற வேலையெல்லாம் கரண்ட் இருந்தால்தான் நிக்கிற ரம் மெமரியிலைதான் கிடக்கும், அந்த நேரம் கரண்ட் போனால் சேவ் பண்ணாதது அவ்வளவும் போச்சு. லப்டொப்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பற்றரி செத்த லப்டொப் எண்டால் அதுவும் டெஸ்க்டொப்தான். லிப்ரே ஒஃபிசிலை இடைக்கிடை தானா சேவ் பண்ணி வைக்கிற ஓட்டோ ரிக்கவரி நேரத்தையும் ரெண்டு மூண்டு நிமிசமாக் குறைச்சு விடுங்கோ. போன் ஹொட்ஸ்பொட்டிலை ஓடுற ஆக்கள் அப்டேற் மனேஜரிலை ஓட்டோமற்றிக்கைப் போட்டு வைக்காமல் இரவு டேட்டா இருக்கிற நேரம் பாத்துத் தாங்களா அமத்தலாம், அதுக்காக மாசக்கணக்கா அப்டேற் பண்ணாமலும் விடக்கூடாது.

இனித் தொடவேண்டாம் எண்டு சொல்லுறதுகள். பனல் கீழ இருக்கிறது, மெனு இடது மூலையிலை இருக்கிறது, ஜன்னலை மூடுற பட்டன் வலப்பக்கம் இருக்கிறது, கொப்பி பேஸ்ற் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச கீகள், இதுகளை விட்டிடுங்கோ. உங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்தால் நீங்கள் ஆரையோ போனிலைதான் கேக்கப் போறியள், உதவி செய்யிற ஆள் வவுனியாவிலை இருப்பார், நீங்கள் முள்ளியவளையிலை இருப்பியள், அவர் கண்ணை மூடிக்கொண்டு "இடக்கைப் பக்கம் கீழ மூலையை அமத்துங்கோ, இப்ப என்ன தெரியுது" எண்டு கேக்கேக்கை உங்கடை மூலையிலை ஒண்டும் இல்லையெண்டால் அந்தக் கோல் அரை மணித்தியாலம் நீளும், ரீலோட் காசும் போகும். வீட்டிலை தங்கச்சி, அப்பா எண்டு வேற ஆக்கள் பாவிக்கிற மெசினெண்டால் இன்னும் மோசம், கிணத்தடி வாளியை ஆளாளுக்கு ஒவ்வொரு இடத்திலை வைக்கிற மாதிரி.

கறுப்புப் பின்னணி வாற டார்க் தீம் பற்றியும் கேப்பியள். இரவிலை அறைக்குள்ள இருந்து படிக்கிற ஆளெண்டால் போடுங்கோ. ஏ9 ரோட்டுக் கரையிலை முன்பக்கம் திறந்த கடையிலை மத்தியான வெயிலுக்கு டார்க் தீம் போட்டால் ஸ்கிரீனிலை உங்கடை முகம்தான் தெரியும்.

எக்ஸ்டென்சனிலை கொஞ்சம் நிண்டு சொல்லோணும், கூட உடையிறது அங்கதான். சினமன் மாதிரி இன்னொரு டெஸ்க்டொப்பான க்னோம் பாவிக்கிற ஆக்களுக்கு மார்ச்சிலையும் செப்டெம்பரிலையும் எண்டு வருசத்துக்கு ரெண்டு தரம் புது வேர்சன் வரும், எக்ஸ்டென்சன் எழுதினவர் தன்ரதையும் அதுக்கேத்த மாதிரி மாத்தாட்டி அது வேலை செய்யாது. 2023 செப்டெம்பரிலை க்னோம் 45 வரேக்கை எக்ஸ்டென்சன் எழுதுற முறையையே மாத்தினவை, பழசு ஒண்டும் அப்பிடியே ஓடேல்லை. அதாலை எக்ஸ்டென்சன் இல்லாட்டி உங்களாலை வேலை செய்யவே ஏலாது எண்ட மாதிரி மெசினை அமைக்காதேங்கோ. க்னோம் குறைய செற்றிங் தாறது, கேடிஈ எண்ட மற்ற டெஸ்க்டொப் அள்ளித் தாறது எண்டு பழைய சண்டை ஒண்டு இருக்கு, கேடிஈ 1996இலை தொடங்கினது, க்னோம் 1997, அண்டு தொட்டு இண்டு வரைக்கும் நடக்குது. ஆனா அந்தக் கேடிஈயே 2024 பெப்ரவரியிலை தன்ர டெஸ்க்டொப்பின்ர புது வேர்சனான பிளாஸ்மா 6 விடேக்கை, கனகாலமா ஒரு கிளிக்கிலை ஃபைல் திறக்கிறதை டிஃபோல்டா வச்சிருந்ததை விட்டிட்டு ரெண்டு கிளிக்குக்கு மாறினது, வேற இடத்திலை பழகி வாற ஆக்களின்ர கைக்கு அதுதான் சரியெண்டு. எவ்வளவு செற்றிங் இருந்தாலும் முதல் நாள் என்ன மாதிரி நிக்குது எண்டதிலை அவையும் கவனமாத்தான் இருக்கினம்.

சரி, உங்களுக்கெண்டு மாத்திப் பாக்க ஆசையெண்டால் செய்யிற முறை இதுதான். ஒரு நேரத்திலை ஒண்டை மாத்துங்கோ, கொஞ்ச நாள் பாவியுங்கோ, உங்களை அறியாமலே கை அதுக்குப் போகுதோ எண்டு பாருங்கோ, போகாட்டித் திருப்பி விடுங்கோ. மாத்தினதை ஒரு ரெக்ஸ்ற் ஃபைலிலை ஒவ்வொரு வரியா எழுதி வையுங்கோ, எங்கை போய் என்ன மாத்தினனான் எண்டு. பிளாஸ்மாவிலை இதுக்கு அருமையான வசதி ஒண்டிருக்கு, சிஸ்ரம் செற்றிங்ஸ் மெனுவிலை மாத்தின செற்றிங்ஸைக் காட்டு எண்ட மாதிரி ஒரு ஒப்சன், அதை அமத்தினால் டிஃபோல்டிலை இருந்து மாறின இடத்துக்குப் பக்கத்திலையெல்லாம் சின்னப் புள்ளி விழும். சினமனிலை அப்பிடி இல்லை, எழுதித்தான் வைக்கோணும். பனல் குழம்பிச்செண்டால் பனலிலை ரைட் கிளிக் பண்ணி ட்ரபிள்ஷூட்டுக்குள்ள போனால் எல்லாத்தையும் டிஃபோல்டுக்குக் கொண்டு வாறது இருக்கு, ஆனா அது எல்லாத்தையும்தான் கொண்டு வரும்.

சிஸ்ரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பக் கொப்பி எடுத்து வைக்கிற டைம்ஷிஃப்ட் இருக்குத்தானே எண்டு நம்பியிருக்கிற ஆக்கள் இதைக் கவனியுங்கோ. டைம்ஷிஃப்ட் சும்மா விட்டால் உங்கடை சொந்த ஃபைல்கள் இருக்கிற ஹோம் ஃபோல்டரை எடுக்காது, உங்கடை டெஸ்க்டொப் செற்றிங் கனக்கக் கிடக்கிறது ஹோமுக்குள்ள ஒளிச்சிருக்கிற கொன்ஃபிக் எண்ட ஃபோல்டரிலை. ஃபைல் மனேஜரிலை கண்ட்ரோலும் எச்சும் அமத்தினால் தெரியும். டைம்ஷிஃப்ட் செற்றிங்கிலை உங்கடை பேருக்கு நேர ஒளிச்ச ஃபைல்களை மட்டும் சேர் எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதைப் போடலாம், ஆனா ரிஸ்ரோர் பண்ணேக்கை ஃபயர்ஃபொக்ஸ் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அந்தப் பழைய நாளுக்குப் போகும். எனக்கு அதை விட, பெரிசா ஏதும் மாத்தமுதல் கொன்ஃபிக் ஃபோல்டரை அப்பிடியே பென் ட்ரைவிலை கொப்பி பண்ணி வைக்கிறதுதான் விருப்பம்.

ஏதும் உடைஞ்சால் முதல் வேலை, யூசர்ஸ் அண்ட் குரூப்ஸிலை புதுசா ஒரு எக்கவுண்ட் திறந்து அதுக்குள்ள போய்ப் பாக்கிறது. அங்கை எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதெண்டால் பிழை நீங்கள் மாத்தினதிலைதான் பெரும்பாலும் இருக்கும், லினக்ஸைத் திருப்பிப் போடத் தேவையில்லை. அங்கையும் அதே பிரச்சினையெண்டால் ஹாட்வெயாரை ஓடவைக்கிற ட்ரைவரோ வேற ஏதோ.

சனசமூக நிலையம், டியூசன் சென்டர் மாதிரி கனபேர் வந்து போற இடத்து மெசினெண்டால் நீங்கள் விரும்பினதெல்லாம் உங்கடை எக்கவுண்டுக்குள்ள வச்சிருங்கோ, வாற ஆக்களுக்கு லொகின் விண்டோ செற்றிங்கிலை தனி எக்கவுண்ட் இல்லாமல் விருந்தாளியா உள்ள போற கெஸ்ற் செசனைத் திறந்து விடுங்கோ. அதுக்குள்ள ஆர் என்ன குழப்பினாலும் லொக் அவுட் பண்ண எல்லாம் அழிஞ்சு அடுத்த ஆளுக்குப் பழையபடி சுத்தமா வரும். அவை செய்த வேலையும் சேந்துதான் அழியும், அதாலை பென்னிலை சேவ் பண்ணச் சொல்லி மொனிற்றருக்குக் கீழ பெரிய எழுத்திலை ஒரு தாள் ஒட்டிவிடுங்கோ.