போலிக் கணக்கையும் திரித்த படத்தையும் நீக்கக் கோரி முறையீடு எழுதுவது எப்படி

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலை, பற்றவைப்புக் கரி போகாத விரல்களோடு என்னிடம் தம் கைப்பேசியை நீட்டினார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி, அவள் பெயரிலேயே தொடங்கிய போலிக் கணக்கொன்றில் யாரோ ஏற்றியிருந்தார்கள். கண்ட ஆத்திரத்தில் அவர் அந்தக் கணக்கை பிளாக் செய்துவிட்டார். எஞ்சியது ஓரம் வெட்டுப்பட்ட ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் கணக்கின் பெயர் பாதிதான் தெரிந்தது, இணைப்பு முகவரியும் இல்லை, தேதியும் இல்லை. அதைத் தேடிப் பிடிக்கவே எங்களுக்கு ஒரு முழு இரவு ஆனது. வேறு எந்தக் குடும்பமும் அந்த இரவை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, அதன் 79ஆவது பிரிவில், பயனர்கள் இடும் பதிவுகளுக்குச் சமூக ஊடக நிறுவனங்கள் பொறுப்பேற்பதிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு நிபந்தனைக்கு உட்பட்டது: நிறுவனம் உரிய கவனத்தோடு நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்தக் கவனம் எது என்பதை 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் விரித்துச் சொல்கின்றன. அவற்றை மீறினால் விலக்கு பறிபோகும். ஆகவே நீங்கள் அனுப்பும் முறையீட்டைக் கெஞ்சல் கடிதமாக நினைக்க வேண்டாம்; அது போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்து நிறுவனத்தின் கடமைக்குக் கெடு ஓடத் தொடங்குகிறது.

பிளாக் செய்வதற்கும் அழிப்பதற்கும் முன்னால் சான்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கின் முழுப் பெயர், அதன் சுயவிவரப் பக்கத்தின் இணைப்பு, ஒவ்வொரு படத்துக்கும் உரிய தனி இணைப்பு, நீங்கள் பார்த்த தேதியும் நேரமும் ஆகிய அனைத்தையும் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். கணக்கின் பெயரைப் போக்கிரிகள் மாற்றிவிடக்கூடும் என்பதால், இணைப்பைப் பிரதியெடுத்து வைப்பதே முக்கியம். அந்தக் கைப்பேசியில் உள்ளதையெல்லாம் அழித்து ரீசெட் செய்யவோ, அதை விற்கவோ கூடாது. வழக்கு நீதிமன்றம் சென்றால் மூலக் கருவி தேவைப்படலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், ஆபாசமான அந்தப் படத்தைச் சேமிக்கவோ, உறவினருக்குக் காட்டுவதற்காக அனுப்பவோ கூடாது. இணைப்பையும் கணக்குப் பெயரையும் மட்டும் குறித்துக்கொண்டு உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை மாற்றி, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய பதிவுகளை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகக்கூடும் என்று தெளிவுபடுத்தியது. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தராத நிறுவனம் 79ஆவது பிரிவின் விலக்கைக் கோர முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது.

அடுத்து, முறையீட்டை எங்கே அனுப்புவது. செயலிக்குள் இருக்கும் ரிப்போர்ட் பொத்தானை அழுத்துங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் இயந்திரம் தரும் பதில். ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. பதிவு செய்த பயனர்கள் 50 லட்சத்துக்கு மேல் உள்ள நிறுவனமாக இருந்தால், அந்த அலுவலர் இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். அவருக்கே எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் எழுதலாம் என்பதால், அழுது ஓய்ந்த பெண்ணை உட்காரவைத்து எழுதச் சொல்ல வேண்டியதில்லை.

வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். கொலுசுப் பட்டறைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இது: “கீழ்க்காணும் இணைப்புகளில் உள்ள கணக்கு என் மகளாக ஆள்மாறாட்டம் செய்கிறது. அதிலுள்ள படங்கள் அவள் முகத்தைச் செயற்கையாக ஒட்டித் திரித்தவை. அவள் இதற்கு இசைவு தரவில்லை. 2021ஆம் ஆண்டு விதிகளில் 3(2)(பி) விதியின்படி இவற்றை நீக்கி, நீக்கியதை எழுத்தில் தெரிவிக்கவும். காவல்துறை விசாரணைக்காக இவற்றின் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கவும்.” இதை ஆங்கிலத்திலும் சேர்த்து அனுப்பினால் மொழிபெயர்ப்புச் சாக்கு எழாது. ஏற்காட்டின் உள்மலைக் கிராமங்களிலிருந்து அனுப்புவோர், சிக்னல் இல்லாமல் மின்னஞ்சல் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிடவில்லையா என்று பார்த்து, அனுப்பப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாணம், பாலியல் காட்சி, ஆள்மாறாட்டம், திரித்த படம் ஆகியவை குறித்த முறையீட்டில் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் கெடு வைத்தன. பின்வந்த திருத்தம் எதுவும் அதை நீட்டவில்லை. முடிவு திருப்தி தராவிட்டால், அது கிடைத்த 30 நாட்களுக்குள், ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியில் முறையிடலாம். இந்த வழியை அறிந்தவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமான அனுபவம். மறுப்பு மின்னஞ்சலை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள், மேல்முறையீட்டின் நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நிறுவனத்துக்கு எழுதும் அதே நாளில் 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ புகாரைப் பதியுங்கள். சேலம் மாநகரம் காவல் ஆணையரகத்தின் கீழும் ஏற்காடு மாவட்டக் காவல்துறையின் கீழும் வருகின்றன. ஆனாலும் எல்லையைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான, 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை நீங்கள் செல்லும் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். படம் நீங்கிவிட்டதே, இனி எதற்குப் புகார் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நீக்கிய பதிவை விசாரணைக்காக 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்ற கடமை நிறுவனத்துக்கு உண்டு. அந்தக் காலத்துக்குள் காவல்துறை கேட்டால்தான், கணக்கைத் தொடங்கியவரைத் தேடும் தடம் கிடைக்கும்.