மந்திரம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற போயா விடுமுறையன்று தலவாக்கலையில் ஒரு நண்பரின் வீட்டில், டன்ஜன்ஸ் அண்ட் ட்ரகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கியிருந்த ஐந்து பேர் ஆடுவதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். கதையைக் கற்பனை செய்வதிலும் தங்கள் பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பதிலும் அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் மந்திரம் என்று வந்தவுடன், எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹட்டனில் நாங்கள் செய்த அதே பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் செய்தார்கள்.

பகடையின் எண்ணைத் தவறாகக் கூட்டுவது, தூரத்தை அளக்க மறப்பது போன்றவை இரண்டு மூன்று அமர்வுகளில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. நாங்கள் ஆடுவது 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை. 2024இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளில் முக்கியமான வேறுபாடு இருக்கும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

லெவல் என்ற ஒரே சொல்

மந்திரவாதிக்கு அவரது வளர்ச்சியைக் காட்டும் ஒரு லெவல் உண்டு, மந்திரத்துக்கு அதன் வலிமையைக் காட்டும் வேறொரு லெவல் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. மூன்றாம் லெவலை எட்டிய ஒரு பிள்ளை, பயர்போல் என்ற நெருப்பு மந்திரம் மூன்றாம் லெவல்தானே என்று அதைப் போட முனைந்தார். மூன்றாம் லெவல் மந்திரங்கள் விசார்ட் என்ற வகை மந்திரவாதிக்கு அவரது ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கின்றன. மந்திரம் ஒன்றைப் போடச் செலவழிக்கும் வாய்ப்புக்கு ஸ்லொட் என்று பெயர். அந்த லெவலில் அவரிடம் முதல் லெவல் ஸ்லொட் நான்கும், இரண்டாம் லெவல் ஸ்லொட் மூன்றும், மூன்றாம் லெவல் ஸ்லொட் இரண்டும் இருக்கும்.

பயர்போலின் பரப்பு

பயர்போலின் ஆரம் இருபது அடி, அதாவது நாற்பது அடி விட்டம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்கள் மூன்றை வரிசையாக வைத்தாலும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த நெருப்பு மூலை திரும்பியும் பரவும். நண்பர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு இடத்தைச் சொல்லுங்கள்.

ரிச்சுவல்

சில மந்திரங்களை ரிச்சுவலாக, அதாவது சடங்குபோல் மெதுவாகப் போடலாம்; ஸ்லொட் செலவாகாது, பத்து நிமிடம் கூடுதலாகும். சண்டைக்கு நடுவில் அதற்கு இடமில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு கொன்சன்ட்ரேஷன்

இந்தத் தவறைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஆகையால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மந்திரத்தின் விளக்கத்தில் கால அளவுக்குப் பக்கத்தில் கொன்சன்ட்ரேஷன் என்ற சொல் இருந்தால், அதைப் போட்டவர் தம் மனத்தை அதிலேயே ஊன்றி நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பொருள். அப்படி ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தை மட்டுமே தாங்க முடியும். அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றைப் போட்டால் முதலாவது உடனே கலைந்துவிடும். நடப்பதாலோ, ஆயுதத்தால் தாக்குவதாலோ, பயர்போல் போன்ற கொன்சன்ட்ரேஷன் தேவைப்படாத மந்திரத்தைப் போடுவதாலோ அது கலையாது. விதி இவ்வளவுதான். இதை வாசித்தவுடன் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, ஆட்டம் சூடேறியவுடன் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஹட்டனில் ஒரு பொசன் போயா நாளில் நடந்தது இது. தகரக் கூரையின் மேல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்ததால், மேசையின் ஒரு முனையில் இருப்பவர் சொல்வது மறுமுனையில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆட்டத்தை நடத்தியவன் நான். குகை வாசலில் கொள்ளையர் கூட்டத்தோடு சண்டை தொடங்கியதும், எங்கள் விசார்ட் தம் தோழரான ஃபைட்டர் என்ற போர்வீரர் மீது, வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் மந்திரத்தைப் போட்டார். மூன்றாம் சுற்றில் அதே விசார்ட் கொள்ளையர் தலைவன் மீது ஹோல்ட் பர்சன் போட, தலைவன் அசைய முடியாமல் நின்றுவிட்டான், எல்லோரும் கைதட்டினார்கள். ஹேஸ்டின் வேகம் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஃபைட்டர் அடுத்த இரண்டு சுற்றுகளும் தோழர்களை விட்டு விலகி, எதிரிகளின் நடுவே வெகுதூரம் உள்ளே போய்விட்டார். ஐந்தாம் சுற்றில், விதிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கை தலை நிமிர்ந்து, “அண்ணே, ஹேஸ்டுக்கும் ஹோல்ட் பர்சனுக்கும் ரெண்டுக்குமே கொன்சன்ட்ரேஷன்னுதானே போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரி. நான் செய்ததுதான் தவறு. “அப்படியானால் ஹேஸ்ட் இந்த நொடியில் முடிந்துவிட்டது” என்று அறிவித்தேன். ஹேஸ்ட் முடியும்போது அதைப் பெற்றிருந்தவர் தம் அடுத்த முறை கழியும்வரை நகரவும் முடியாது, எதையும் செய்யவும் முடியாது. ஆறு கொள்ளையர்களுக்கு நடுவே அவர் கட்டிப்போட்டதுபோல் நின்றார். இரண்டு சுற்றுகளுக்குள் இறந்தார். மந்திரத்தை மறந்தவர் விசார்ட், கவனிக்கத் தவறியவன் நான், உயிரை இழந்தது மூன்றாமவர். அவர் ஏழு மாதமாக வளர்த்த பாத்திரம் அது. அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல், மழையிலேயே இறங்கிப் போனார். அடுத்த போயாவுக்கு அவர் வரவில்லை.

விதி சொன்னபடி ஹேஸ்ட் மூன்றாம் சுற்றிலேயே கலைந்திருந்தால், அவர் குகை வாசலில் தோழர்களின் அருகில் நின்றிருப்பார், யாராவது அவரைக் காத்திருப்பார்கள். தாமதமாக நினைவுக்கு வந்த விதியை நினைவுக்கு வந்த இடத்திலிருந்து நடைமுறைப்படுத்தியது அநியாயம். இப்படிப் பிந்திக் கண்டுபிடித்தால், இரண்டாவதாகப் போட்ட மந்திரத்தைக் கலைத்துவிட்டு முதலாவதை நிலைக்க விடுங்கள். இது விதிநூலில் உள்ளதல்ல, என் தீர்ப்பு. அன்று அப்படிச் செய்திருந்தால் கொள்ளையர் தலைவன் விடுபட்டிருப்பான், வீணானது விசார்டின் ஒரு ஸ்லொட் மட்டுமாக இருந்திருக்கும்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் மேசையில் மந்திரம் போடும் ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறது. கொன்சன்ட்ரேஷன் மந்திரத்தைப் போடுகிறவர் அதன் பெயரைத் தேயிலைப் பெட்டி அட்டையில் வெட்டிய ஒரு துண்டில் பென்சிலால் எழுதி, நாணயத்தை அதன் மேல் வைக்க வேண்டும். நாணயம் ஒன்றுதான் என்பதால், அடுத்த மந்திரத்துக்கு அதை எடுக்கும்போதே பழைய துண்டு மேசையில் தனித்துத் தெரிந்துவிடும். மழைச் சத்தத்தில் காதுக்கு எட்டாததைக் கண் பார்த்துக்கொள்கிறது.

இதே விதியின் மறுபாதியும் தவறிப்போகிறது. கொன்சன்ட்ரேஷனில் இருப்பவர் அடிபட்டால், உடல் உறுதியைச் சோதிக்கும் கொன்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவை இருபது பக்கப் பகடையில் உருட்ட வேண்டும். எட்ட வேண்டிய எண் 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரியதோ அது; எட்டாவிட்டால் மந்திரம் கலைந்துவிடும். இருபத்திரண்டு புள்ளிச் சேதத்துக்கு 11. ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாக உருட்ட வேண்டும் என்பதைத்தான் தலவாக்கலைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை. ஏழும் ஒன்பதுமாகத் தைத்த இரண்டு அம்புகளைப் பதினாறு என்று கூட்டி ஒரே முறை உருட்டினார்கள். சேவிங் த்ரோவில் 2 கூட்டிக்கொள்ளும் ஒருவர் 10ஐ எட்டும் வாய்ப்பு 65 வீதம். இரண்டு முறையும் எட்டும் வாய்ப்பு ஏறக்குறைய 42 வீதம் மட்டுமே. அம்பெய்யும் எதிரிகள் பலர் இருக்கும் களத்தில் மந்திரவாதி ஏன் மறைவில் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. நினைவிழந்தாலோ இறந்தாலோ உருட்டவே இடமில்லை, மந்திரம் கலைந்துவிடும்.

போனஸ் அக்‌ஷன் மந்திரம்

ஒருவர் தம் முறையில் செய்யும் வழக்கமான செயல் அக்‌ஷன், அதோடு கூடுதலாகச் செய்யக்கூடிய சிறு செயல் போனஸ் அக்‌ஷன். 2014 விதிப்படி, உங்கள் முறையில் போனஸ் அக்‌ஷனால் ஒரு மந்திரம் போட்டால், அதே முறையில் போடக்கூடிய மற்ற மந்திரம் ஓர் அக்‌ஷன் பிடிக்கும் கேன்ட்ரிப், அதாவது ஸ்லொட் செலவாகாத எளிய மந்திரம் மட்டுமே. போனஸ் அக்‌ஷனில் போடும் ஹீலிங் வேர்டால் தோழரை எழுப்பிய கிளெரிக் என்ற பூசாரி, அதே முறையில் கேன்ட்ரிப்பான சேக்ரட் ஃப்ளேம் போடலாம், ஸ்லொட் செலவாகும் கைடிங் போல்ட் போட முடியாது; எதை முதலில் போட்டாலும் இதே தடைதான். 2024 விதி, ஒரு முறையில் மந்திரத்துக்காக ஒரு ஸ்லொட்டை மட்டுமே செலவழிக்கலாம் என்று மாற்றியிருக்கிறது. எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள் என்பதை முதல் அமர்விலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வைரம்

இறந்தவரை உயிர்ப்பிக்கும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும், போட்டதும் அது தீர்ந்துவிடும். விலை குறிக்கப்பட்ட பொருளுக்குக் மந்திரப் பொருட்களுக்குப் பதிலாகக் கையில் வைத்திருக்கும் ஃபோகஸ் என்ற கருவி ஈடாகாது.