பழைய ஐரோப்பியத் துப்பாக்கி: வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் குழலுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகக் கெட்டித்துக் கிடக்கும் கருமருந்தும் வெடிக்கும். மெல்லிய மரக்குச்சியைக் குழலின் அடிவரை விட்டு, வாயருகே அடையாளமிடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அடையாளம் குழல்வாய்க்கு நேராக வரும்படி குழலோடு வெளிப்புறம் ஒட்டி வையுங்கள். முனை, மருந்துக்குத் தீ செல்லும் பக்கத்துச் சிறு துளைவரை எட்டாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால், உள்ளே குண்டு இருக்கலாம், தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து சோதனை முத்திரை, அதாவது குழல் வெடிச் சோதனையில் தேறியதற்குக் குத்தும் அடையாளம். பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை, நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள். அதன் தலையில் கிரீடம் வந்தது 1893இல்தான். கிரீடம் உள்ளதை ‘1850ஆம் ஆண்டுச் சரக்கு’ என்று விற்றால் நம்பாதீர்கள்.

விலையை அதிகம் புரட்டிப்போடுவது மறுமாற்றம்தான், அதாவது மாற்றிய துப்பாக்கியைப் பழைய முறைக்கே திருப்புவது. 19ஆம் நூற்றாண்டில் பல சக்கிமுக்கித் துப்பாக்கிகளை (கல் உரசும் தீப்பொறியால் சுடுபவை) கேப்பு முறைக்கு (சுத்தியல் அடித்தால் வெடிக்கும் சிறு உலோகக் குப்பி) மாற்றினார்கள். அது நேர்மையான வரலாறு. பிற்காலத்தில் விலைக்காக மீண்டும் சக்கிமுக்கியாக்கியதுதான் ஏமாற்று. பூட்டுத் தகட்டில் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடு) அடைத்த துளைகள், தகட்டோடு நிறம் ஒவ்வாத மருந்துக் கிண்ணம் (தீப்பொறி விழும் இடம்), சிறு துளையைச் சுற்றி ஒட்டுப்போட்ட வளையம்: இவற்றை லென்ஸ் வைத்துத் தேடுங்கள். அப்படி மாற்றியதற்கு, மாற்றமே காணாத துப்பாக்கியின் விலையைக் கொடுக்காதீர்கள்.

வாங்கியபின் பளபளப்பாக்கவே கூடாது! பழுப்புப் படலம் போனால் முத்திரையும் மழுங்கும், மதிப்பும் போகும். செந்துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் தொட்டு, மென்துணியால் பொறுமையாகத் துடைத்தால் போதும்.

அமெரிக்கச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தவை பழம்பொருள். வரையறை நாட்டுக்கு நாடு மாறும்.